இரைச்சலும் நயமும்: வானொலி வாங்கியின் முதற்படி

தமிழ் கற்பிக்கிற ஒருவனுக்கு 'நயம்' என்றதும் நினைவுக்கு வருவது கவிதைதான். சொல்நயம், பொருள்நயம், ஓசைநயம் என்று உயர்தர வகுப்புக்கு வருடா வருடம் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். அதே பாடசாலையில் அடுத்த கட்டடத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு நயம் என்றால் வேறு. ஒரு விரியலாக்கிக்குள் போகிற சைகையைப் போல வெளியே வருகிற சைகை எத்தனை மடங்கு பெரிது என்பதுதான் அங்கே நயம். இந்த இரண்டாவது நயத்தை நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் படித்தேன். படிக்க வைத்தது ஒரு தோல்வி.

எங்கள் ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. 1978 நவம்பரில் அடித்த சூறாவளியைப் பற்றி வாப்பா இன்றைக்கும் பேசுவார். எங்கள் மாணவர்களில் பலர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். வானத்தில் மேகம் திரண்டால் அவர்களுடைய உம்மாமாருக்கு நித்திரை இல்லை. சில வருடங்களுக்கு முன் தொழினுட்பப் பிரிவு மாணவர்கள் ஐந்து பேர் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். வானிலைச் செய்மதி எங்கள் தலைக்கு மேலால் போகும்போது அனுப்புகிற மேகப் படத்தைப் பாடசாலைக் கூரையில் ஓர் அன்டனா வைத்து நாங்களே பிடிப்போம் என்பது திட்டம். அமெரிக்காவின் நோவா வரிசைச் செய்மதிகள் அப்போது 137 மெகாஹேட்ஸ் மீடிறனை ஒட்டி, யாரும் இலவசமாகப் பெறத்தக்க விதத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. (அந்த வரிசையில் மிஞ்சியிருந்த மூன்றும் 2025 இல் நிறுத்தப்பட்டுவிட்டன.) பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டதால் கழகம் என் தலையில் விழுந்தது.

பிள்ளைகள் காசு சேர்த்து, மடிக்கணினியில் சொருகுகிற விரல் அளவு வாங்கி ஒன்றை எடுத்தார்கள். கூரையில் அன்டனா கட்டினார்கள். அங்கிருந்து ஆய்வுகூட மேசை வரை இருபது மீற்றர் மெல்லிய கேபிள் இழுத்தார்கள். படம் வந்தது. நடுப்பகுதி ஒருவாறு தெரிந்தது. மேலும் கீழும் வெறும் புள்ளி. குறைந்த இரைச்சல் விரியலாக்கி ஒன்றை வாங்கி மேசையில், வாங்கிக்கு முன்னால் பூட்டினார்கள். படம் கொஞ்சம் திருந்தியது. அப்படியென்றால் இன்னொன்று போட்டால் இன்னும் திருந்தும்தானே? இரண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. மூன்றையும் வரிசையாக இணைத்த நாளில் மேகப் படம் முற்றாக மறைந்துபோனது. செய்மதியைத் தேடிய மீடிறனில் எஃப்.எம். நிலையமொன்றின் சினிமாப் பாட்டு கேட்டது.

"சேர், மூண்டு போட்டும் ஒண்டும் வரல்ல. முந்தி வந்ததும் போயிட்டு" என்றான் ஒருவன். அதைத் தாங்கலாம். அடுத்தவன் சொன்னதுதான் என்னைச் சுட்டது: "இதெல்லாம் இங்கிலீஷ்ல படிச்ச ஆக்களுக்குத்தான் சேர் விளங்கும். எங்களுக்குச் சரிவராது."

பிழை மொழியில் இல்லை என்று அவனுக்குக் காட்டுவதென்றால் முதலில் எனக்கு விளங்கவேண்டும். ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக ரேடியோ திருத்துகிற ஒரு காக்காவிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒரே வசனத்தில் முடித்தார்: "முதல் எடுக்கிறதுதான் தம்பி எடுப்பு. மறுகா எல்லாம் சும்மா சத்தம் கூட்டுறது." அந்த ஒரு வசனத்துக்கான விளக்கமே இந்தக் கட்டுரை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வானொலியில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவது. மற்றப் பகுதி வானொலிக்குள்ளேயே பிறப்பது. எந்த ஒரு தடையியை எடுத்தாலும், அது மின்கலத்தோடு இணைக்கப்படாமல் சும்மா மேசையில் கிடந்தாலும், அதற்குள் இருக்கிற இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாமல் தடுமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தடுமாற்றம் அதன் இரு முனைகளுக்கிடையில் மிகச் சிறிய வோல்ற்றளவாகத் தெரியும். ஐக்கிய அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஜோன்சன் இதை அளந்து காட்டினார். நைகுவிஸ்ற் அதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். இருவரும் சுவீடனில் பிறந்தவர்கள். இருவருடைய கட்டுரைகளும் 1928 இல் வெளிவந்தன.

இந்த வெப்ப இரைச்சலின் வலு இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று வெப்பநிலை, மற்றது நாம் கேட்கிற பட்டையகலம். சாதாரண அறை வெப்பநிலைக்கு அண்மித்த 290 கெல்வினில், ஒரு ஹேட்ஸ் பட்டையகலத்துக்கு 4 × 10⁻²¹ வாற்று. வானிலைப் படத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 40 கிலோஹேட்ஸ். ஆகவே எங்கள் வாங்கியின் வாசலில் குறைந்தபட்சம் 1.6 × 10⁻¹⁶ வாற்று இரைச்சல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செய்மதியிலிருந்து வருவது எவ்வளவு? நோவாச் செய்மதி சுமார் 850 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 5 வாற்று வலுவோடு அனுப்பியது. அது ஒரு மேசை விளக்கின் வலு. அது நேரே தலைக்கு மேல் நிற்கும்போது சாதாரண அன்டனா ஒன்றுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 2 × 10⁻¹³ வாற்று, அதாவது இரைச்சலைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அது போதும். ஆனால் அடிவானத்தில் தோன்றும்போது செய்மதி எங்களிலிருந்து சுமார் 3400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. தூரம் நான்கு மடங்கானால் கிடைக்கும் வலு பதினாறில் ஒரு பங்கு. மரம், கட்டடம், அன்டனாவின் குறை எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும். அதனால்தான் படத்தின் நடுவில் எங்கள் தீவு தெரிய, மேல் ஓரமும் கீழ் ஓரமும் புள்ளியாகிப்போயின. கடல் வீட்டுப் பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டதோ அந்த மேல் ஓரத்தை, வங்காள விரிகுடாவின் வடபகுதியை.

கவனிக்கவேண்டிய விடயம் இதுதான்: சைகை சிறிது என்பது மட்டும் பிரச்சினை அல்ல. சிறியதைப் பெரிதாக்குவது இலகு. இரைச்சலோடு ஒப்பிடும்போது சைகை எத்தனை மடங்கு என்ற விகிதமே பிரச்சினை. விரியலாக்கி சைகையைப் பெருப்பிக்கும்போது அதோடு வந்த இரைச்சலையும் அதே அளவு பெருப்பிக்கிறது. பிறகு தன்னுடைய சொந்த இரைச்சலையும் சேர்த்துவிடுகிறது. ஆக, எந்த விரியலாக்கியும் இந்த விகிதத்தைக் கூட்டுவதில்லை. எவ்வளவு குறைவாகக் கெடுக்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும். 'குறைந்த இரைச்சல் விரியலாக்கி' என்ற பெயரின் பொருளும் அவ்வளவே.

போட்டோகொப்பிக் கடையில் ஒரு பாடம்

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் விடை போட்டோகொப்பிக் கடையில் கிடைத்தது. ஆசிரியராக இருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்த விடயம். பழைய வினாத்தாள் ஒன்று, எழுத்து பொடியாக, மங்கலாக இருக்கிறது. கொப்பி இயந்திரத்தின் கண்ணாடியில் எப்போதும் கொஞ்சம் தூசு இருக்கும். ஒவ்வொரு தடவையும் தாளில் சிறு கறுப்புப் புள்ளிகள் விழும். கொப்பியிலிருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி என்று எடுத்தால் நாலாவதில் எழுத்தா புள்ளியா என்று தெரியாது.

ஆனால் முதல் இயந்திரத்திலேயே எழுத்தை நன்றாகப் பெருப்பித்து எடுத்துவிட்டால்? இரண்டாவது இயந்திரத்தின் தூசுப் புள்ளி அதே அளவில்தான் விழும். என்றாலும் எழுத்து பெரிதாகிவிட்டதால் அந்தப் புள்ளி இப்போது ஒரு பொருட்டல்ல. மூன்றாவது இயந்திரத்தின் புள்ளியும் அப்படியே. அதேநேரம் முதல் இயந்திரம் போட்ட புள்ளி எழுத்தோடு சேர்ந்து பெருத்துவிட்டது. அதை இனி எந்த இயந்திரமும் எடுக்காது. ஆகவே முதல் இயந்திரத்துக்கு இரண்டு குணம் வேண்டும்: கண்ணாடி மிகச் சுத்தமாக இருக்கவேண்டும், எழுத்தைப் போதிய அளவு பெருப்பிக்கவும் வேண்டும். பின்னால் வருகிறவை கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் காரியம் கெடாது.

இதைக் கணக்காக எழுதியவர் ஹரால்ட் ஃபிரீஸ். டென்மார்க்கில் 1893 இல் பிறந்து, 1919 இல் அமெரிக்கா சென்று, பெல் ஆய்வுகூடத்துக்காக நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹோம்டெல் என்ற இடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வானொலிப் பொறியியலாளர். வாங்கிகளின் இரைச்சலை எப்படி அளப்பது என்பது பற்றிய அவருடைய கட்டுரை 1944 இல் வெளிவந்தது. ஒரு விரியலாக்கி, சைகைக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தை எத்தனை மடங்கு கெடுக்கிறது என்ற எண்ணை இரைச்சல் காரணி என்று எடுத்தால், அவருடைய சூத்திரம் இப்படி வரும். 'இ' என்பது இரைச்சல் காரணி. 'ந' என்பது நயம். எண்கள் வரிசையில் அவற்றின் இடம்.

மொத்த இ = இ1 + (இ2 − 1) ÷ ந1 + (இ3 − 1) ÷ (ந1 × ந2) + …

பார்த்துப் பயப்பட வேண்டாம். கொப்பிக் கடையில் நடந்ததையே இது சொல்கிறது. முதலாவதின் இரைச்சல் எந்தக் கழிவும் இல்லாமல் முழுதாகச் சேர்கிறது. இரண்டாவதின் இரைச்சல் முதலாவதின் நயத்தால் வகுபட்டுச் சேர்கிறது. மூன்றாவதின் இரைச்சல் முதல் இரண்டின் நயமும் சேர்ந்து வகுத்த பிறகே சேர்கிறது. எதுவும் கெடுக்காத ஓர் இலட்சிய விரியலாக்கிக்கு இ = 1. அதனால்தான் ஒவ்வொன்றிலும் 1 கழிகிறது.

கேபிளை மறந்துவிடக்கூடாது. கேபிளுக்குச் சொந்த மின்சாரம் இல்லை, அது என்ன இரைச்சல் போடும் என்று நானும் நினைத்தேன். கேபிள் என்பது எழுத்தைச் சுருக்குகிற கொப்பி இயந்திரம். சைகை தேய்ந்து வெளியே வருகிறது. வெப்ப இரைச்சலோ அதே மட்டத்தில் நிற்கிறது. அறை வெப்பநிலையில் இருக்கிற கேபிள் சைகையை எத்தனை பங்காகக் குறைக்கிறதோ, அதுவே அதன் இரைச்சல் காரணியும் ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

பொறியியலாளர்கள் இந்த மடங்குகளை டெசிபெல் என்ற மடக்கை அலகில் சொல்வார்கள். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு; 3 டெசிபெல் என்றால் ஏறத்தாழ இரு மடங்கு; 1 டெசிபெல் என்றால் 1.26 மடங்கு. எங்கள் பொருட்களுக்கு இப்படி எடுத்துக்கொண்டோம்: விரியலாக்கி ஒவ்வொன்றும் இரைச்சல் 1 டெசிபெல், நயம் 15 டெசிபெல், அதாவது 31.6 மடங்கு. இருபது மீற்றர் மெல்லிய கேபிளின் இழப்பு 4 டெசிபெல், அதாவது 2.51 மடங்கு. வாங்கியின் இரைச்சல் 6 டெசிபெல், அதாவது 3.98 மடங்கு.

முதலில், விரியலாக்கியே இல்லாமல். கேபிளின் 4, வாங்கியின் 6, மொத்தம் 10 டெசிபெல். வந்த விகிதத்தில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பிள்ளைகள் முதல் நாள் பார்த்த படம் இது.

இரண்டாவது, மேசையில், கேபிளுக்குப் பின்னால் ஒரு விரியலாக்கி. விரியலாக்கியும் வாங்கியும் சேர்ந்து 1.26 + 2.98 ÷ 31.6, அதாவது 1.35 மடங்கு, 1.3 டெசிபெல். முன்னால் இருக்கிற கேபிளின் 4 டெசிபெல் அப்படியே சேர்ந்து 5.3 டெசிபெல். பத்திலிருந்து ஐந்தரைக்குள் வந்துவிட்டது. படம் திருந்தியதில் வியப்பில்லை.

மூன்றாவது, அதே மேசையில் மூன்று விரியலாக்கிகள். கணக்குப் பார்த்தால் 5.03 டெசிபெல். இரண்டு புதிய விரியலாக்கிகளுக்குக் கொடுத்த காசுக்குக் கிடைத்தது 0.3 டெசிபெல் கூட இல்லை! கேபிள் தின்ற 4 டெசிபெலை அவற்றால் திருப்பித் தரமுடியாது. அது முன்னாலேயே போய்விட்டது.

நாலாவது, ஒரே ஒரு விரியலாக்கியை மேசையிலிருந்து கழற்றிக் கூரையில், அன்டனாவின் காலடியில் பூட்டினால்? 1.26 + 1.51 ÷ 31.6 + 2.98 ÷ (31.6 × 0.398) = 1.54 மடங்கு, 1.9 டெசிபெல். கேபிளின் இழப்பு இப்போது முதலாவதின் நயத்தால் வகுபட்டுவிட்டது.

கரும்பலகையில் இந்த விடை வந்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவன் சொன்னான், "அப்ப சேர், சாமான் கூடப் போடத் தேவல்ல, இடத்தை மாத்தினாக் காணும்." அதுதான். மூன்று விரியலாக்கி செய்யாததை ஒரு விரியலாக்கி, இடம் மாறியதால் செய்கிறது. வீட்டுக் கூரையில் இருக்கிற ரீவி டிஷ்ஷைப் பாருங்கள். அதன் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கையில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சிறிய பெட்டிக்குள்தான் முதல் விரியலாக்கி இருக்கிறது. வீட்டுக்குள், ரீவிக்குப் பக்கத்தில் வசதியாக வைக்காமல், வெயிலும் மழையும் படுகிற இடத்தில் அதை வைத்ததற்குக் காரணம் இதுவே.

பின்னே அடுக்குவது ஏன்?

அப்படியானால் விரியலாக்கிகளை அடுக்குவதே பிழையா? இல்லை. அந்த டிஷ் பெட்டிக்குள்ளேயே பொதுவாக இரண்டு மூன்று திரான்சிற்றர் படிகள் வரிசையாக இருக்கும். ஏறத்தாழ 11, 12 கிகாஹேட்ஸ் மீடிறனில் ஒரு திரான்சிற்றர் தருகிற நயம் பத்து மடங்கு போல. பின்னால் வருகிற பகுதிகளின் இரைச்சலை மூடுவதற்கு அது போதாது. ஆகவே இரண்டாவது தேவைப்படுகிறது. எங்கள் கூரை உதாரணத்திலும் இரண்டாவதைச் சேர்த்தால் 1.9 என்பது 1.06 டெசிபெலாக இறங்கும். மூன்றாவதைச் சேர்த்தாலோ மாற்றம் ஏறக்குறைய பூச்சியம். முதலாவதின் 1 டெசிபெலுக்குக் கீழே போவதற்கு வழியே இல்லை. போதும் என்ற இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டியதும் இலாபம் நின்று நட்டம் தொடங்குகிறது.

அந்த நட்டம் என்ன? எங்கள் 137 மெகாஹேட்ஸுக்குக் கீழே, 88 முதல் 108 வரை எஃப்.எம். நிலையங்கள். செய்மதியின் வலு 5 வாற்று, தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். எஃப்.எம். நிலையம் கிலோவாற்றுக் கணக்கில், சில பத்துக் கிலோமீற்றரில். எங்கள் அன்டனாவில் அது செய்மதியைப் போலப் பல இலட்சம் மடங்கு பலமாக விழுகிறது. விரியலாக்கிக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியாது. இரண்டையும் பெருப்பிக்கிறது. முதலாவது 31.6 மடங்கு, இரண்டாவதோடு ஆயிரம் மடங்கு. மூன்றாவதின் வாசலுக்கு எஃப்.எம். சைகை ஆயிரம் மடங்காகி வந்து நிற்கிறது. ஒரு விரியலாக்கி கொடுக்கக்கூடிய வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எஃப்.எம். நிரப்பிவிட்டால் செய்மதிக்கு இடமில்லை.

இன்னொரு கெடுதியும் உண்டு. எல்லையைத் தொட்ட விரியலாக்கி நேர்மையாகப் பெருப்பிப்பதை விட்டுவிட்டு, வந்த சைகைகளைக் கலந்து இல்லாத மீடிறன்களை உண்டாக்கும். 120 மெகாஹேட்ஸில் ஒரு விமானத் தொடர்பும் 103 மெகாஹேட்ஸில் ஓர் எஃப்.எம். நிலையமும் பலமாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 120 ஐ இரட்டித்து 103 ஐக் கழித்தால் 137. யாரும் அனுப்பாத ஒரு சைகை சரியாக எங்கள் செய்மதியின் இடத்தில் வந்து குந்திக்கொள்ளும். இப்படி ஒன்றோடொன்று கலந்து, விரல் அளவு வாங்கியும் திணறி, கடைசியில் பாட்டு கேட்டது. அதோடு மூன்றின் மொத்த நயம் முப்பதாயிரம் மடங்குக்கு மேல். கடைசியின் வெளியீட்டில் ஒரு துளி முதலாவதின் வாசலுக்குக் கசிந்தாலும் போதும், ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்ததுபோல் தானாகவே ஊளையிடத் தொடங்கும்.

ஆக, அடுக்குகிறபோது ஒழுங்கு இதுதான். முன்னால் நிற்பது மிகக் குறைந்த இரைச்சல் உடையதாக இருக்கவேண்டும். பின்னால் நிற்பது பலமான சைகையைத் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். இடையில் வேண்டாத மீடிறனை வெட்டுகிற வடிகட்டி வரவேண்டும். வடிகட்டியை முதலாவதுக்கும் முன்னால் வைத்தால் பாதுகாப்புக் கூடும். ஆனால் அதன் இழப்பு முழுதாக நம் கணக்கில் சேரும். எஃப்.எம். நிலையம் கிட்டவாக இருந்தால் அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வானமும் இரைகிறது

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வாங்கியின் இரைச்சலைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே நிற்பது? விடை: வானத்தின் இரைச்சல் மட்டத்தில்.

1930 களின் தொடக்கத்தில் அதே ஹோம்டெலில், ஃபிரீஸின் கீழ் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர் 20.5 மெகாஹேட்ஸில் கடல் கடந்த தொலைபேசிக்கு இடைஞ்சலாக வரும் இரைச்சலைத் தேடிக்கொண்டிருந்தார். இடி மின்னலால் வருவதைப் பிரித்தெடுத்த பிறகும் ஒரு மெல்லிய 'உஸ்' மிஞ்சியது. அது எங்கள் பால்வீதியின் மையப் பக்கத்திலிருந்து வருகிறது என்று 1933 இல் அறிவித்தார். வானொலி வானியல் தொடங்கியது அங்கேதான். சிற்றலை வானொலி கேட்கிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அந்த மீடிறன்களில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் சாதாரண வாங்கியின் இரைச்சலை விட எவ்வளவோ பெரிது. அங்கே விலையுயர்ந்த குறைந்த இரைச்சல் விரியலாக்கியைப் பூட்டுவது காசை வீணாக்குவது. எங்கள் 137 மெகாஹேட்ஸிலும் வானத்தின் இரைச்சல் சில நூறு கெல்வினுக்கு ஈடானது. ஆகவே கூரையில் இரண்டாவது விரியலாக்கி தரும் இலாபம் கணக்கில் தெரிவதை விட நடைமுறையில் இன்னும் குறைவு.

மீடிறன் கூடக்கூட வானம் அமைதியாகிறது. 1964 இல் ஆர்னோ பென்சியாஸும் ரொபர்ட் வில்சனும் ஹோம்டெலில் இருந்த பெரிய கொம்பு வடிவ அன்டனாவை 4080 மெகாஹேட்ஸில் பயன்படுத்தினார்கள். அந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஃபிரீஸ். அதன் முதற்படி மேசர் என்ற மாணிக்கக் கல் விரியலாக்கி. திரவ ஹீலியத்தில் குளிரூட்டப்பட்ட அதைக் கொம்பின் ஒடுங்கிய முனையிலேயே வைத்தார்கள். எல்லா இரைச்சலையும் கணக்கெடுத்த பிறகும் சுமார் 3.5 கெல்வின் மிஞ்சியது. கொம்புக்குள் கூடு கட்டிய புறாக்களைத் துரத்தி, எச்சத்தைக் கழுவியும் பார்த்தார்கள். போகவில்லை. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று பின்னர் விளங்கியது. 1978 இல் நோபல் பரிசு கிடைத்தது. முதற்படி மட்டும் சாதாரணமானதாக இருந்திருந்தால் அந்த மூன்றரைக் கெல்வின் விரியலாக்கியின் சொந்த இரைச்சலுக்குள் புதைந்து போயிருக்கும். பின்னால் எத்தனை விரியலாக்கி அடுக்கினாலும் அதை யாரும் கண்டிருக்க முடியாது.

கூரைக்கு ஏறியது

நாங்கள் செய்தது சின்ன வேலை. மூன்றில் ஒரு விரியலாக்கியை எடுத்து, எஃப்.எம். ஐ வெட்டுகிற ஒரு வடிகட்டியை அதற்கு முன்னால் பூட்டினோம். அதன் இழப்பு ஏறத்தாழ 1 டெசிபெல். இரண்டையும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, உப்புக் காற்று புகாமல் ஒட்டி, அன்டனாவின் காலடியில் கட்டினோம். அதற்கு வேண்டிய மின்சாரத்தை அதே கேபிள் வழியாகவே மேலே அனுப்பினோம். கணக்குப்படி மொத்தம் 2.9 டெசிபெல். மிச்சம் இரண்டு விரியலாக்கியும் அலுமாரிக்குள் போயின.

அடுத்த நாள் செய்மதி வந்த நேரத்தில் மடிக்கணினியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். படம் வரி வரியாக இறங்கியது. முந்தி வெறும் புள்ளியாக இருந்த மேல் ஓரத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை கோடாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வங்காள விரிகுடாவும் அதன் மேலே சிதறிய மேகமும். புயல் ஒன்றும் இல்லை, சாதாரண மேகம்தான். அப்படியிருந்தும் வாப்பா கடலில் நிற்கிற ஒரு பிள்ளை திரையில் விரலை வைத்து, "வாப்பா இந்தப் பக்கம்தான் சேர்" என்றான்.

அடிவானத்து ஓரம் அன்றைக்கும் முழுதாகத் தெளியவில்லை. கேபிளைத் தடித்ததாக மாற்றினால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் ஒருவன் விடையை எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். விரியலாக்கி முன்னாலே இருப்பதால் கேபிளை மாற்றிப் பெரிய பயனில்லை என்று சூத்திரத்தைப் போட்டுக் காட்டியிருந்தான். எல்லாம் தமிழில்: இரைச்சல் காரணி, நயம், மீடிறன், இழப்பு. 'எங்களுக்குச் சரிவராது' என்று சொன்னவன் அவன்தான்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று சொல்லி, பின்னால் பின்னால் வகுப்பும் குறிப்பும் மாதிரி வினாத்தாளும் அடுக்கிக்கொண்டே போகிறோம். முதன்முதலில் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தபோது தெளிவாக விழுந்ததா என்று நாங்கள் கேட்பதில்லை. ரேடியோக் காக்கா சொன்னது வானொலிக்கு மட்டும் உரியது என்று எனக்குத் தோன்றவில்லை.